இடைவெளியில் நின்றுபோன பெயர்

அக்கா கீபோர்டின் இடைவெளிக் கட்டையை எப்போதும் இடது கட்டைவிரலால்தான் தட்டுவார். வலது கட்டைவிரலில் சின்ன வயதில் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் பட்டுவிட்டது. அது சரியாக மடங்காது. வண்ணார்பேட்டையில் பஸ் இரைச்சல் ஓயாத தெரு ஒன்றில், பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில், அந்த ஒற்றைத் தட்டல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ரிப்போர்ட்டுகளை டைப் செய்வது அவர் வேலை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூடப்பிறந்தவர் இல்லை, ஆனாலும் நான்கு வருடம் மதியச் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தவரை வேறு எப்படி அழைப்பது?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை எண் போட்டுத்தான் சேமிப்போம். கட்டியிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கு மட்டும் பரிசோதனைக்கு மதுரைக்குப் போகும், ரிப்போர்ட் அங்கிருந்து வரும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவற்றை நோயாளியின் பெயரிலேயே சேமிக்க வேண்டும் என்று மேனேஜர் ஒருநாள் சொன்னார். நான் அக்காவிடம், "இனிஷியலையும் பேரையும் ஒட்டி அடிச்சிருங்கக்கா. நடுவுல இடம் விட்டா கம்ப்யூட்டருக்குக் கொழப்பம்" என்றேன்.

"மனுசப் பேரை ஒட்டி அடிச்சா நல்லாவா இருக்கு? ஒனக்குச் சிரமம்னா சொல்லு தம்பி, ஒட்டியே அடிச்சுத் தாரேன்" என்றார்.

சிரமம் என்ற சொல் என்னைச் சீண்டிவிட்டது. "வேண்டாம்க்கா, நீங்க எப்படி அடிக்கியளோ அப்படியே அடிங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்குத் தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதினேன். அன்றைக்கு வந்த சதைப் பரிசோதனைக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அச்சடிக்கும் புரோகிராமைத் திறந்து, கோப்பு இருக்கும் இடத்தை அதனிடம் சொல்ல வேண்டும். அச்சான தாள் முன்மேசைக்குப் போகும். அங்கிருக்கும் பெண் நோயாளிக்குப் போன் செய்வாள். இப்படிக் கட்டளை கொடுக்கும்போது நடுவில் இடைவெளி வந்தால், சொல் அங்கே முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கோப்பின் முழுப் பாதையையும் இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் வைத்துவிட்டால் எல்லாம் ஒரே சொல்லாகிவிடும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. மூன்று இடங்களில் அப்படித்தான் எழுதினேன். நான்காவது இடத்தில், அந்தப் புரோகிராமைத் திறக்கும் வரியில், மறந்துபோனேன். சோதித்துப் பார்த்தது என் பெயரில்; நான் இனிஷியல் போடவில்லை. போதாததற்கு, ஏதாவது பிழை வந்தால் நிற்காமல் அடுத்த கோப்புக்குப் போகும்படியும் எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஏற்பாட்டில் முதலில் வந்த கோப்பு இனிஷியல் இல்லாத பெயர். ஒழுங்காக அச்சானது. இரண்டாவது, எஸ் முத்துலட்சுமி. கம்ப்யூட்டர் 'எஸ்' வரைக்கும் வாசித்தது. அப்படியொரு கோப்பைக் காணாமல் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. அடுத்து வந்த இரண்டு மூன்றும் இனிஷியல் இல்லாத பெயர்கள்; ஒழுங்காக அச்சானதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கழுத்தில் கட்டியோடு வந்த பெண் அவள், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம்தான். ரிப்போர்ட் வந்ததும் போன் செய்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். பத்தொன்பது நாள் கழித்து, வேறொரு ஆளைப் பார்க்க டவுனுக்கு வந்தவள், போகிற வழியில் எட்டிப் பார்த்துக் கேட்டாள். அப்போதுதான் கோப்பைத் திறந்தார்கள். புற்றுநோய்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "ஏன் பிரிண்ட் ஆகல?" என்றார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு, "பேருக்கு நடுவுல இடம் விட்டிருக்கு சார். அதனால புரோகிராம் எடுக்கல" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கொடுத்த வாக்கைச் சொல்லிவிடுவார் என்று பயந்து நின்றேன், அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று மதியம் நான் மறந்திருந்த அந்த வரியில் இரண்டு மேற்கோள் குறிகளைச் சேர்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு மாதம் போயிற்று. அக்காவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்; நல்லவள்தான், அவள் பக்கம் நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஒருநாள் மேனேஜரிடம் போய், தவறு என்னுடையது, அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். "முடிஞ்சதைக் கெளறாதய்யா" என்றார். அங்கிருந்து நேரே ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, இங்கன உக்காரு" என்று பெஞ்சைக் காட்டினார். பெஞ்சின் மறுமுனையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். மேற்கோள் குறியை விட்டது நான்தான், பழியை உங்கள் மேல் போட்டுவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லி முடித்தேன்.

"தெரியும். அன்னைக்கு நீ என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்ன பாரு, அங்கனயே தெரிஞ்சு போச்சு" என்றார். "ஆனா தம்பி, மதுரையில இருந்து வந்ததும் அந்த ரிப்போர்ட்டை மொதல்ல படிச்சது நான்லா. எங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ள. ஒரு எட்டுப் போய்ச் சொல்லிருவமான்னு மனசு அடிச்சுக்கிட்டுது. நம்ம சொல்லக்கூடாது, முன்மேசையில சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன். அந்தக் குத்தம் ஒனக்கு மட்டுமா இருக்கு?"

பிறகு குரலைத் தாழ்த்தி, முத்துலட்சுமி போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார். கடைசிவரை பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய்வந்தவர் அக்காதான். பெஞ்சில் இருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுத வந்திருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

நான் எழுந்து அவர் முன்னால் நின்றேன். "அண்ணாச்சி, தப்பு என் மேலதான்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் பையின் காதைத் திருகினார்.

"போன் வரல, அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சோம் தம்பி. நேர்த்திக்கடன்னு சொல்லித் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனேன். கடல்ல எறங்க மாட்டேம்பா, அன்னைக்கு எறங்கி அலையில விழுந்து விழுந்து சிரிச்சா. பெறவு அவ சிரிச்சு நான் பாக்கல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளா? இல்ல, அந்த ஒரு நாளும் இல்லாமப் போயிருக்குமா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. படித்தவன் என்று நினைத்து, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் அக்காவிடமிருந்து போன் வரும். வாழை காற்றில் சாய்ந்தது, மகள் வேலைக்குப் போவது எல்லாம் சொல்வார். வைப்பதற்கு முன்னால், "அண்ணாச்சி எப்படி இருக்காரு?" என்று நான் கேட்பேன்.

"இருக்காரு தம்பி" என்பார் அக்கா.