பர்மிட்டின் வயது

செங்கோட்டையன் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினார். அதில் ஒரே ஒரு தடவைதான் வண்டி கவிழ்ந்தது. அதுவும் இன்சூரன்ஸ் முடிந்த மூன்றாம் நாள். முதலாளி புதுப்பிக்க மறந்துவிட்டார், வண்டி தொப்பூர் இறக்கத்தில் படுத்துவிட்டது. செங்கோட்டையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை அவர் மனதில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது. எதற்குக் காகிதம் இருக்கிறதோ அதற்கு ஆபத்து வராது. எமனும் செக்போஸ்ட்காரனைப் போலத்தான், காகிதத்தை நீட்டினால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவான். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் இதைக் கடைசிவரை நம்பினார், அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அவர் சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் கண்ணுக்குள் பூவாக விரிய ஆரம்பித்துவிட்டது. பூவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்? எருமப்பட்டி ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரெண்டு ஏக்கர் புன்செய்க் காடு, ஒரு கிணறு, ஒரு கறவை மாடு, முந்நூறு கோழி. இத்தனையையும் அதுவரை ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி கந்தம்மாள். மாசத்தில் மூன்று நாள் வந்து போகிற விருந்தாளி திடீரென்று வீட்டோடு தங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கூடவே பர்மிட்டும் வந்து சேர்ந்தது.

பர்மிட் என்பது நாய். சாதாரண நாய் இல்லை. நின்றால் ஆள் இடுப்புக்கு வரும், தலை ஒரு படி அளவு இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கன்றுக்குட்டி என்று நினைத்துக் கிட்டே போய், பிறகு பின்னோக்கியே நடந்து வருவார்கள். எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாசம், நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு தாபாவில், ஒரு சர்தார்ஜி டிரைவர் அதை ஒரு மாசக் குட்டியாகச் செங்கோட்டையனின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த மாசம்தான் வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடைத்திருந்தது. புதுப் பர்மிட்டோடு வந்ததால் இதற்கும் அதே பேர். அதற்கப்புறம் அது கிளீனர் சீட்டில் உட்கார்ந்து இந்தியா பூராவும் பார்த்தது.

மத்தியானம் ஆனால் இருவரும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில், அது கட்டிலுக்குக் கீழே. கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று மெதுவாக இறங்கிவரும். கோழிகள்கூட அடங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பர்மிட்டின் கால்கள் நாலும் தூக்கத்திலேயே ஓட ஆரம்பிக்கும். செங்கோட்டையன் பாதிக் கண்ணில் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். மெல்ல ஓடினால் அது ஓசூர் தாண்டிய மேட்டு ரோடு. உறுமினால் இட்டார்சி ரயில்வே கேட். வால் மட்டும் ஆடினால் ஏதோ ஒரு தாபா வந்துவிட்டது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே ரோட்டில் பின்னாலேயே போவார். ஹெட்லைட் தேவையில்லாத ரோடு அது. கண் போனால் என்ன, இது போதும் என்று இருக்கும்.

கந்தம்மாள் தீவன வாளியோடு போகும்போது நின்று பார்ப்பாள். "நாய்க்கு வேலையில்லை, நிக்க நேரமில்லைம்பாங்க. எங்க ஊட்டுல அது ரெண்டு பேருங்க," என்று கோழிகளிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு இத்தனை வருஷமாகப் பேச்சுத் துணை கோழிகள்தான்.

அடுத்த வருஷம் ஆடியில் பர்மிட் மூன்று நாள் சோறு தின்னவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. செங்கோட்டையனும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் காலையில் அதுவாக எழுந்து, கந்தம்மாள் கையிலிருந்த களியை வாங்கித் தின்றது. நோய் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. நாய் எழுந்துவிட்டது, மனுஷர் எழவில்லை. அந்த மூன்று நாளில் அவருக்கு ஒன்று விளங்கியிருந்தது. தான் ஓட்டிய ஓட்டத்தையெல்லாம் கூட இருந்து பார்த்தது இந்த ஒரு ஜீவன்தான். இது போய்விட்டால், செங்கோட்டையன் என்று ஒருவன் அந்த ரோட்டிலெல்லாம் போனான் என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. அந்தப் பயத்தில் ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் அதற்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து மாட்டுக்கு இன்சூரன்ஸ் எழுத வேலுமணி வந்தான். நாமகிரிப்பேட்டைக்காரன், ஏஜெண்டு, சைக்கிளை நிறுத்துவதற்குள் பேச்சை ஆரம்பிக்கிறவன்.

"தம்பி, நாய்க்கு இருக்குதா இன்சூரன்ஸு?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

வேலுமணி சிரித்தான். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். புரட்டப் புரட்டச் சிரிப்பு போய் மரியாதை வந்தது. "இருக்குதுங்கண்ணா! உசந்த சாதி நாய்க்கு இருக்குதுங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடோணும். மாட்டுக்குப் போடற மாதிரி காதுல நம்பர் வில்லை போடோணும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்களே, அது மாதிரிங்க."

கந்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏனுங் தம்பி, நோவு வந்தா மருந்துக்குக் குடுப்பாங்களா?"

"அதுக்கில்லீங்கக்கா. செத்தாத்தான். அந்த வில்லையோட காதை அறுத்துக் கொண்டாந்து காட்டோணும்."

கந்தம்மாள் நாயைப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து அது காதை நிமிர்த்தியது. பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"பொழைக்கறதுக்குக் குடுக்காம சாகறதுக்குக் குடுக்கற காசு நமக்கெதுக்குங்க?" என்றாள் புருஷனிடம். "மாடு செத்தா அந்தக் காசுல இன்னொரு மாடு வாங்கலாம். இது போனா இன்னொரு இதுவா வாங்குவீங்க?"

நியாயமான கேள்வி. இதைவிட நியாயமாக எந்த வக்கீலும் கேட்டுவிட முடியாது. ஆனால் செங்கோட்டையன் காசுப் பக்கமே இல்லை.

"காசுக்கா புள்ள கேக்கறேன்? காயிதம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆவாது. எதுக்குக் காதை அறுக்கப் போறாங்க?"

கந்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க இஷ்டமுங்க," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை மாட்டையும் நாயையும் ஓட்டிக்கொண்டு எருமப்பட்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னால் செங்கோட்டையனும் பர்மிட்டும், பின்னால் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி கந்தம்மாள். அங்கே இருபது மாடு வரிசையில் நின்றது. பர்மிட்டைப் பார்த்ததும் வரிசை தானாகக் கலைந்தது. மாட்டின் காதில் வில்லை ஏறியது, ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அது தலையை ஒரு தடவை உதறிவிட்டுப் புல்லைத் தின்னப் போய்விட்டது. நாயின் முறை வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள்.

வேலுமணி செங்கோட்டையனைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணா, வயசு எத்தனைன்னு சொல்லப் போறீங்க?"

"எட்டு முடிஞ்சு மூணு மாசம்."

வேலுமணி நெற்றியில் அடித்துக்கொண்டான். "கெட்டுதுங்க போங்க! எட்டு முடிஞ்சா எடுக்க மாட்டாங்க. ஏழுன்னு சொல்லுங்க. பல்லைப் பார்த்து ஏழா எட்டான்னு சொல்லறதுக்கு ஆருனாலயும் ஆகாது. ஒரு வருஷந்தானுங்கண்ணா, கழிச்சுக்குங்க." சொல்லிவிட்டு டாக்டர் அறைப் பக்கம் போனான்.

ஒரு வருஷம்தானே. செங்கோட்டையன் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார். பர்மிட் அவர் காலடியில் படுத்து அப்போதே கண்ணை மூடிவிட்டது. கந்தம்மாள் மாட்டோடு பக்கத்தில் நின்றாள். வெயில் இலைக்குள் புகுந்து பொடிப்பொடியாக நாயின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நாயின் கால்கள் ஓட ஆரம்பித்தன. எந்த வருஷத்தைக் கழிப்பது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

முதல் வருஷம். நாசிக்கிலிருந்து வெங்காய லோடு. குட்டி கியர் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேலம் வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தது. அதைக் கழிக்க முடியாது. ரெண்டாம் வருஷம் ஆந்திராவில் புயல். பாலம் போய்விட்டது. நாற்பது லாரிக்காரர்கள் ஒன்பது நாள் ஒரே ரோட்டில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு கை கஞ்சி இதற்கு ஊற்றினார்கள், அந்த ஒன்பது நாளில்தான் இது பெரிய நாயாக ஆனது. அதுவும் ஆகாது. மூன்றாம் வருஷம் ஜபல்பூரில் தார்ப்பாயை அறுத்த திருடனின் சட்டையைக் கவ்விக்கொண்டு விடியும்வரை விடவில்லை. நாலாம் வருஷம் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனபோது ஆற்றில் கப்பலைப் பார்த்துக் குரைத்தது. கப்பலும் பதிலுக்கு ஊதியது. அன்றைக்கு அது சீட்டுக்கு அடியில் புகுந்ததுதான், பீகார் எல்லையில்தான் தலையை வெளியே நீட்டியது.

ஐந்தாம் வருஷம். அடிலாபாத் காட்டு ரோட்டில் விடிகாலையில் கண் அசந்துவிட்டார். கழுத்தில் ஈர மூக்கு பட்டு விழித்தபோது முன் டயர் மதகு ஓரத்தில் நின்றது. ஆறாம் வருஷம் இட்டார்சியில் காய்ச்சல். மூன்று நாள் கேபினிலேயே கிடந்தார். டீக்காரனைத் தவிர யாரையும் இது கிட்டே விடவில்லை. ஏழாம் வருஷம் பதான்கோட், ஜம்மு எல்லாம் தாண்டி மலை ரோட்டில் பனி பெய்தது. பஞ்சு பறப்பதுபோல் வானம் முழுக்க வெள்ளை. இது எட்டிக் கடித்தது, வாயில் ஒன்றுமில்லை. மறுபடி கடித்தது. அவர் நடுரோட்டில் நின்று ஒண்டியாகச் சிரித்தார். அப்படி அவர் வாழ்நாளில் சிரித்ததில்லை. அந்தப் பனிக்கு நடுவில், தானும் இந்த நாயும் இன்னும் நின்றுகொண்டிருப்பதுபோலவே அவருக்குத் தோன்றியது.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கந்தம்மாள் கயிற்றைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பனியைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. அடிலாபாத் மதகைப் பற்றி இப்போதுதான் தெரியும். அவள் கை கயிற்றை இறுக்கிக்கொண்டது.

வேலுமணி திரும்பி வந்தான். "அடுத்தது நீங்கதானுங்கண்ணா. என்ன, ஏழுதானுங்களே?"

செங்கோட்டையனின் முகம் மலர்ந்தது. "ஏழே போட்டுக்க தம்பி. கழிக்கறதுக்கு ஒண்ணு கெடைச்சிருச்சு. போன ஆவணியிலிருந்து இந்த ஆவணி வரைக்கும். ஊட்டுல சும்மா உக்காந்த வருஷம். அதுல ஒண்ணுமே நடக்கலியே!"

"ஒண்ணுமே நடக்கலீங்களா?" என்றாள் கந்தம்மாள்.

அவள் சத்தம் போடவில்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே சொன்னாள். "புள்ள பொறந்தப்போ நீங்க பம்பாயில இருந்தீங்க. எங்கம்மா செத்தப்போ கல்கத்தாவுல. அந்தப் புள்ளையக் கட்டிக் குடுத்தப்போ முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்னால வந்து, சாயங்காலம் லோடுன்னு போயிட்டீங்க. போன மார்கழியில எனக்குக் காச்சல் வந்தப்பத்தான் பக்கத்துல உக்காந்து கஞ்சி வெச்சுக் குடுத்தீங்க. உப்புப் போட மறந்துட்டீங்க. நான் சொல்லாம குடிச்சேனுங்க. உங்களுக்கு ஏழு வருஷம் இருக்குதுங்க. எனக்கு இருக்கறது அந்த ஒண்ணுதானுங்க. அதைக் கழிச்சுப் போடாதீங்க."

செங்கோட்டையன் வேரிலிருந்து எழுந்தார். ரோட்டைப் பார்த்த சாட்சி ஒன்றே ஒன்றுதான் என்று பயந்துகொண்டிருந்தவர், வீட்டுக்குள் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஐம்பது வயசில் வந்தாலும் வெட்கம் வெட்கம்தான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் நாயை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார். "வயசு?"

வேலுமணி பின்னாலிருந்து முதுகைச் சுரண்டினான்.

"எட்டு முடிஞ்சிருச்சுங்க சார்," என்றார் செங்கோட்டையன். "ஒம்போது நடக்குதுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படின்னா போட முடியாதே."

"தெரியுமுங்க."

வேலுமணி ஏதோ முனகிக்கொண்டே வெளியே போனான். செங்கோட்டையன் நகரவில்லை. நாயின் தலையில் கை வைத்தபடி, கேட்க வேண்டாம் என்று இத்தனை நாளாக இருந்ததைக் கேட்டார். "இது இன்னும் எத்தனை நாளைக்குங்க சார்?"

டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. "இத்தனை பெரிய ஒடம்பு பாருங்க, சீக்கிரம் தேஞ்சு போகும். நல்லா இருந்தா இன்னும் ரெண்டு வருஷம்."

வெளியே வந்தபோது வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கந்தம்மாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள்.

"என்னுங்க சொன்னாரு?"

"காயிதம் கெடையாது. ரெண்டு வருஷந்தான்னு சொல்லிட்டாரு," என்றார். நாயின் காதை நீவிக்கொண்டே நின்றார்.

கந்தம்மாள் அவரைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமுங்களா?" என்றாள். "அது நெறையங்க."