கேட்காமல் கட்டுகிற வீடுகளும் சுபைர் சேரும்

சலூன்காரர் என் மீசையின் ஒரு பக்கத்துக்குச் சாயம் பூசிவிட்டு மறுபக்கத்துக்கு வந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த சகலன் சுபைர் சேர் வபாத்தாகிவிட்டார், உயிர் பிரிந்துவிட்டது என்றாள். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மகள் பர்ஹானாவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பெண்ணின் வாப்பா கொஞ்சம் இளமையாகத் தெரியட்டுமே என்று நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. கண்ணாடியைப் பார்க்கத் தோன்றாமல் ஓடினேன். மையித்து வீட்டில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மீசையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தொழுகைக்கு முகம் கழுவி வுழு எடுக்கக் குனிந்தபோது கையில் கறுப்பாக வடிந்த தண்ணீரைக் கண்டுதான் நான் எந்தக் கோலத்தில் நிற்கிறேன் என்பது விளங்கியது. இதைப் பார்த்து முதலில் சிரித்திருக்க வேண்டியவர் உள்ளே கட்டிலில் மூடிக் கிடந்தார்.

சுபைர் சேரை உங்களில் பலர் சமூகவியல் விரிவுரையாளராக அறிவீர்கள். எனக்கு அவர் மனைவியின் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். நான் சாதாரணதரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடிவிட்டுக் கல்முனையில் பாத்திரக் கடை போட்டவன். எங்கள் ஊர்களில் கலியாணத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் ஒரு பையோடு வந்து சேருகிறவன். அப்படி ஒரே மாமியின் வளவுக்குப் பையோடு வந்தவர்கள் நாங்கள் இருவரும். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அதன் இரு பக்கமும் நின்றுதான் எங்கள் கதையெல்லாம் நடந்தது.

கரண்ட் போன ஒரு மாலையில், அப்படி என்னத்தைத்தான் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் எங்கள் இரண்டு வீடுகளையும் காட்டினார். ஒரு கூட்டம் அறிஞர்கள் இந்தச் சீதன வீட்டைப் பார்த்து, இது சமூகத்தைத் தாங்கி நிற்கிற தூண் என்பார்களாம்: ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்தில், பிள்ளைகளுக்கு நிழல், எல்லாம் அதனதன் இடத்தில். அது செயற்பாட்டுவாதம். இன்னொரு கூட்டம், இதைக் கட்ட எந்த வாப்பாவின் முதுகு ஒடிந்தது, லாபம் யாருக்கு என்று கேட்குமாம். அது முரண்பாட்டுக் கோட்பாடு. மூன்றாவது கூட்டத்துக்குத் தூணும் வேண்டாம், முதுகும் வேண்டாம். மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் எப்படி நடக்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்ப்பார்களாம்.

"உதாரணத்துக்கு உங்களையே எடுப்பம் சகலன். இவ்வளவு காலமாகியும் கேற்றடியில நிண்டு இருமிட்டுத்தானே வீட்டுக்குள்ள போறீங்க. ஏன்?"

இருமலுக்குப் பனங்கற்கண்டு போதும், பல்கலைக்கழகம் தேவையில்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மாமி விளக்கோடு வெளியே வந்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் கேற்றடியில் எனக்கு இருமல் வரவில்லை. வராமல் உள்ளே போகவும், வேறொருவர் வீட்டுக்குள் நுழைவது போல, கூச்சமாக இருந்தது.

சீதன வீட்டுக்கு எதிராக அவர் கூட்டங்களில் பேசுவார். நீங்களே மாமி தந்த வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று நான் குத்துவேன். "ஓம், ஆராய்ச்சி செய்யிற இடத்திலேயே குடியிரிக்கன்" என்பார். மகனுக்குக் கலியாணம் பேசியபோது சொன்னதைச் செய்தும் காட்டினார். மருதமுனைப் பெண், ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள். வீடு வேண்டாம், மகன் வாடகை வீடு எடுப்பான் என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்ணின் வாப்பா என் கடைக்கு வந்து, எங்கள் பிள்ளையில் என்ன குறை கண்டார் உங்கள் சகலன் என்று கேட்டார். நான் சட்டிபானைகளைத்தான் அடுக்கினேன்.

பிறகு அந்தப் பெண்ணே சேரின் வீட்டுக்கு நேரில் வந்தாள். நானும் இருந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, நீங்க வேணாமெண்டு சொல்ற வீடு உங்கட இல்ல, என்ட. நாளைக்கு உங்கட மகன் என்னோட கோவிச்சா அவர்தான் வெளிய போகணும். நான் இல்ல."

அவள் போன பிறகு சேர் மதிலடியில் வைத்துச் சொன்னார்: "மூணு பக்கத்தாலயும் பார்த்தன் சகலன். அந்தப் பிள்ளை நிண்ட இடத்துல மட்டும் நான் நிக்கல்ல. அதுக்கும் ஒரு கோட்பாடு இரிக்கி. பெண்ணிலை நோக்கு. நானே படிப்பிக்கிறன்." எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று பெண்ணின் வீட்டார் அவளிடமே கேட்டார்கள். இரண்டு அறை போதும் என்றாள். அப்படியே கட்டி, அவள் பேரிலேயே எழுதினார்கள். வேண்டாம் என்றவர் வாங்கிக்கொண்டார் என்று ஊர் சிரித்தது. பள்ளிவாசலில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னபோது, "ஓம், பிழை விட்ட நான்தான். கோட்பாட்டக் குறை சொல்லாதீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அன்று நான் சிரிக்கவில்லை.

பிறகு என் முறை வந்தது. பர்ஹானாவுக்குக் கட்டிய வீட்டுக்கு மேல்மாடியும் வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். இறக்காமத்திலுள்ள என் வயலை விற்க நினைத்தேன். யானைக்குப் போக மிச்சம் எங்களுக்கு என்று நான் பகிடி பண்ணும் வயல்தான். ஆனால் வருடத்துச் சோறு அதுதான். அப்போது சேர் நோயாகி ஆஸ்பத்திரியில் இருந்தார்; அங்கே இதைச் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார், பிள்ளையிடம் கேட்டீர்களா என்று. கேட்க என்ன இருக்கிறது, பேச்செடுத்தால் தலையைக் குனிகிறாள் என்றேன்.

"தலையக் குனியிறத சம்மதமெண்டு வாசிக்க உங்களுக்கு ஆரு படிப்பிச்ச?"

நீங்கள் வீட்டுக்கு வாருங்கள், உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்றேன். "ஓம், வாறன்" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிச் சொல் அது.

மாப்பிள்ளை வீட்டார் வருகையைத் தள்ளி வைத்தார்கள். சேருக்காகக் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் கலைந்த பின், பர்ஹானா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். கேள்வியைத் தொடங்கி, நடுவில் விட்டு, மறுபடி தொடங்கினேன். அவள் தலையைக் குனிந்தாள். நான் போகாமல் நின்றேன்.

"அவர் நல்லவர் மாதிரித்தான் தெரியுது வாப்பா. எனக்கு விருப்பம்தான். மேல்மாடி வேணாம். வயல விக்காதீங்க. மேல்மாடி இல்லாம ஏலாதெண்டா வரவேணாமெண்டு சொல்லுங்க. கலியாணப் புறோக்கர விடாம நீங்களே சொல்லுங்க."

நானே தொலைபேசியில் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. மனைவி என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. மேல்மாடிக்காக ஒரு நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்கிறாள். அதுவும் ஒரு நோக்குத்தான். மதிலடியில் நின்று இதைக் கதைக்க ஆளில்லை.

அவர் சொல்லித் தந்த கோட்பாடுகளின் பெயர்களை இனி ஒவ்வொன்றாக மறந்துவிடுவேன். தலைகுனிந்து நிற்கிற ஆளிடம் கேட்பதும், கேட்டுவிட்டுப் போகாமல் நிற்பதும் மட்டும் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கின்றன.

வபாத்தான அன்று, சேரை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகுமுன், முகம் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கலாம் என்று துணியை விலக்கினார்கள். குனிந்தேன். என் உதடு அசைந்ததைக் கண்டவர்கள் துஆ ஓதுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் வெளியே வராமல் போனது இதுதான்: சகலன், பிள்ளையிட்ட தனியக் கேக்க எனக்குப் பயமா இரிக்கி.