டம்ளர் விழவேண்டிய காட்சி

பத்தொன்பது ஆண்டுகள், நாளொன்றுக்கு நானூறு அழைப்புகள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்த வார்டில் நிற்கிறார் என்று டெலிபோன் ஆபரேட்டரைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையில்லாத ஆபரேட்டராக ஒரு காட்சியில் நடிக்கச் சொல்லி சினிமாக்காரர்கள் அவளையே தேடிவந்ததும், தங்கை தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

படப்பிடிப்பு அவளுடைய அறையிலேயே நடந்தது. மணி அடித்ததும் அவள் தடுமாறித் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடவேண்டும். கதாநாயகன் ஓடிவந்து தாங்குவான்.

"டம்ளர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே சார். நான் ஏன் தட்டிவிடணும்?"

"பாக்கறவங்களுக்குப் பாவமா இருக்கணும்மா," என்றார் டைரக்டர்.

விபத்துப் பிரிவு லைனைப் பார்வையுள்ள வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று புதிய நிர்வாக அதிகாரி போன வாரம்தான் கேட்டிருந்தார். அவரும் சினிமா பார்க்கிறவர்தானே?

"ஒரு தடவை தட்டித் தொலையேன்க்கா," என்று தங்கை காதைக் கடித்தாள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தட்டப் பார்த்தாள். ஆறு டேக். ஒவ்வொரு முறையும் கை தானாக டம்ளரைச் சுற்றிக்கொண்டு போனது.

"இயல்பா வரலியே!" என்று அலுத்துக்கொண்ட டைரக்டர், ஒரு துணை நடிகைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்காரவைத்தார். நன்றாகப் பார்வை தெரிகிற பெண். முதல் டேக்கிலேயே டம்ளர் உருண்டது; கைதட்டல். ஆனால் பட்டன்களைக் கண்டால் அந்தப் பெண்ணின் விரல்கள் முழித்தன. ஒரு நம்பரைப் போட நான்கு தடவை தேடினாள்.

"உங்க கையை மட்டும் க்ளோசப்ல எடுத்துக்கறோம்மா," என்று டைரக்டர் திரும்பி வந்தார்.

"கை வேணும்னா டம்ளர் விழக்கூடாது சார்."

"அக்கா!"

"நீ சும்மா இருடி. அது விழுந்தா என் வேலையும் சேர்ந்து விழும்."

ஆறு மணிக்கு அறையைத் திருப்பித் தரவேண்டும். டைரக்டர் பெருமூச்சு விட்டார். "சரி, விழாமலும் ஒண்ணு எடுக்கறேன். எடிட்டிங்ல பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா?"

அதற்குள் "ஸ்டார்ட்" என்றுவிட்டார். அவள் விரல்கள் பதினொரு நொடியில் மூன்று அழைப்புகளை மாற்றிக் கொடுத்தன.

மூன்று மாதமாக வாரம் தவறாமல் டைரக்டரின் அலுவலகத்துக்குப் போன் போடுகிறாள். "இன்னும் முடிவாகலைங்க" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. நிர்வாக அதிகாரி குடும்பத்தோடு மாலைக் காட்சிக்குப் போகிறார். அவளும் தங்கையும் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்.