முப்பத்திரண்டு பிட்

என் தம்பி ஜெபிஷ் முதல்முறை வள்ளத்தில் போனபோது வாந்தி எடுத்தான். அப்பா அவன் தலைமயிரைப் பிடித்துக் கடலில் முக்கினார். மூக்கில் ரத்தத்தோடு கரையேறியவன் அப்புறம் வெறி பிடித்தவன்போல் படித்தான். இனயம் என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு மாடியில் இருந்தபடியே கம்பெனிகளுக்கு ஆப் எழுதிக் கொடுத்தான். எனக்கு அதில் தலைகொள்ளாத கர்வம்.

போன வருஷம் ஊர் வள்ளங்களுக்கென்று ஓர் ஆப் செய்தான். கடலடிப் பாறை நெருங்கினால் ஃபோன் அலறும். தூரத்தைக் கணக்கிடும் பாகத்தை ஒவ்வொரு வகை ப்ராசசருக்கும் தனியாகக் கம்பைல் செய்ய, அதாவது அதற்குப் புரியும் வடிவில் மாற்ற, வேண்டுமாம்: புது ஃபோனுக்கு அறுபத்து நாலு பிட், பழசுக்கு முப்பத்திரண்டு. வீடு வீடாகப் போய்ச் சோதித்தான். எல்லா ஃபோனும் அலறின. பங்குத்தந்தை கைதட்டினார்.

மழை மூடிய ஒரு காலையில் என் வீட்டுக்காரர் அனிஷின் வள்ளம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அவருடைய வலது கை எஞ்சினுக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கியது. மணிக்கட்டோடு வெட்டி எடுத்தார்கள். ஃபோன் அலறவே இல்லை.

எங்கள் கரையில் யாரும் அவன் வீட்டில் வைத்துச் சோதித்த மாதிரி நல்ல ஃபோனைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, உப்பு தின்றுவிடும். வீட்டில் கிடக்கும் பழசைத்தான் பாலிதீனில் சுற்றி எடுத்துப் போவார்கள். கடல்காரன் வீட்டில் பிறந்த பயலுக்கு இது தெரியாதா? இப்படிக் கேட்டுக்கொண்டே வள்ளக்காரர்கள் மாடியேறி அவன் கம்ப்யூட்டரைத் தெருவில் எறிந்து உடைத்தார்கள். அனிஷ் மட்டும்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அவனைத் தேற்றினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் மக்கா. என் ஃபோனு பழசு. நீ என்ன செய்வ?"

ஜெபிஷ் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்ல அத்தான். முப்பத்திரண்டு பிட்டுக்குக் கம்பைல் பண்ணும்போ எர்ரர் வந்துச்சு. சரியாக்க ரெண்டு மணிக்கூர் போதும். இப்ப யாருட்ட பழைய ஃபோன் இருக்குன்னு விட்டுட்டேன். பழைய ஃபோன்ல ஆப் நின்னு போவக்கூடாதுன்னு, அலாரம் மட்டும் சத்தமில்லாம செத்துக் கெடக்கட்டும்னு வச்சேன்."

அனிஷ் எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். இடது கை, அதற்கு அடித்துப் பழக்கமில்லை. அடுத்த அடி தோளில் வழுக்கிப் போனது. தடுமாறி, கட்டுப் போட்ட கையைச் சுவரில் இடித்துக்கொண்டு, வலியில் கத்தியபடி தரையில் உட்கார்ந்தார்.

மிச்சத்தை நான் அடித்தேன்.