கடல்கட்டிக்கு ஒரு சட்டம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஒருவர் மேலும் கை ஓங்கியதில்லை. பெயர் எழுதுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லர்புரத்து வீட்டில் அவளுடைய சிநேகிதர்கள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவார்கள். போன வாரம் இவள் யாரையும் அடிக்காத வைத்தியர் வேடம் எடுத்தாள். அரக்கனை அடித்தால்தான் பாயிண்ட் என்பது அந்த விளையாட்டின் சட்டமாம். “ஏளா, அடிக்க மாட்டேன்னா நீ எதுக்கு கூட வார?” என்று ஒருவன் கேட்க, இவள் முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வழக்கு எனக்கு எட்டு வயதில் நடந்திருக்கிறது.

எங்களுக்கு மேஜை கிடையாது. கடற்கரை மணலில் சித்தப்பா ஒரு தோணி கீறுவார். அதற்குள் அண்ணன்மார் குளியாட்களாக உட்காருவார்கள். குளியாள் கயிற்றோடு கடலுக்குள் மூழ்குவார், தோணியில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்து மேலே இழுப்பார். சித்தப்பா கதை சொல்வார். சுறா வராத கதையே இல்லை. வந்தால் ஈட்டியால் குத்த வேண்டும். சோழி வாய் திறந்து விழுந்தால் குத்து பட்டது. கவிழ்ந்தால் சுறா கடித்தது.

நான் குத்த மாட்டேன் என்றேன்.

“மத்தியானம் சுறாப்புட்டு ரெண்டு தடவ வாங்கித் தின்னவளாக்கும்!” என்றான் பெரிய அண்ணன்.

நான் அசையவில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் உட்கார்ந்து மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். நான் கடல்கட்டி, குத்தாமலே எல்லாரையும் கரைசேர்ப்பேன் என்றேன்.

“குத்தவும் மாட்டா, கடியும் வாங்க மாட்டா. பங்கு மட்டும் வேணுமோ?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சித்தப்பா யோசித்துச் சொன்னார்: “அப்ப அவளுக்கும் ஒரு சட்டம் போடுதேன். தோணி கரைக்கு வார வரைக்கும் கடல்கட்டி தனியா இருக்கணும். பேசப்படாது, தண்ணி குடிக்கப்படாது, எந்திரிக்கப்படாது. எந்திரிச்சா சுறா வாயத் தொறந்துரும். இருப்பியாளா?”

“இருப்பேன்” என்றேன். ஜெயித்துவிட்ட பெருமை எனக்கு.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மறைவில் போய் உட்கார்ந்தேன். கதை அந்தப் பக்கம் நடந்தது. சிரிப்பு கேட்டது, எதற்கென்று தெரியவில்லை. என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. கடிக்காத சுறாவைப் பற்றி யார் பேசுவார்கள்? பிறகு சத்தம் அடங்கிப்போனது. மீன் வந்த தோணி ஒன்றைக் கரையேற்றச் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மீன் பார்க்கப் பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள். எங்கள் தோணி நடுக்கடலில் நின்றது. நிழல் நகர்ந்து வெயில் என் மேல் ஏறியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. விளையாட்டு என்று தெரியும். இருந்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் அம்மாவும் சித்தப்பாவும் தேடி வந்தார்கள். “எந்திரிளா, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு” என்றார் சித்தப்பா. நான் வாய் திறக்காமல் மணலைக் காட்டினேன். தோணி இன்னும் கரைக்கு வரவில்லையே.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழிந்து கிடந்த கோட்டின் பக்கத்தில் முட்டிபோட்டு, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தார். பெரிய அண்ணனை ஏற்றினார், நடு அண்ணனை ஏற்றினார், சின்ன அண்ணனை ஏற்றினார். அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார்.

“விடுங்க தம்பி. கயித்த விடுங்க” என்றாள் அம்மா.

“தோணி கரைக்கு வந்துட்டு” என்று சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் எழுந்து ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தேன். ஆள் ஏறி முடிந்தபிறகும் சித்தப்பா வெறுங்கயிற்றை இழுத்தார் என்று அண்ணன்மாரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

சங்கு குளிக்கப் போன அப்பா மேலே வராத அன்றைக்கு, அவர் கயிறு சித்தப்பா கையில்தான் இருந்தது. அது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் புரியவில்லை.

போதும்ளா. எழுதினத ஒரு தடவ வாசி. அவர் கயிறு இழுக்குத எடத்துல அவசரப்படாத.