முடித்த நேரம்

இடது கையில் ஊசி இரண்டும் ஏறியதும் தையற்கார அக்கா மெஷினைப் பார்க்க மாட்டார். வலது மணிக்கட்டு வாட்சைத் தூக்கிப் பார்த்து, "ஏழு பத்து!" என்று டயாலிசிஸ் அறைக்கே கேட்கும்படி சொல்வார். வாரம் மூன்று நாள், ஆறு வருடமாக இதே கூத்து.

நடுவில் அலாரம் அடித்து மெஷின் நின்றால் அந்த நிமிடங்களையும் விடாமல் கேட்டு வாங்குவார். "அளவு முப்பத்தாறு, தைச்சது முப்பத்திரண்டுன்னா சட்டை உடம்புல ஏறுமா தம்பி?" என்று டெக்னீஷியனை மடக்குவார்.

பக்கத்துக் கட்டில் டிரைவர், "கழட்டி விடுப்பா, காலைப் பிடிச்சு இழுக்குது" என்று சீக்கிரமே கெஞ்சத் தொடங்குவார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"உடம்புல சேர்ந்த மூணு லிட்டர் தண்ணியை மெஷின் அவசர அவசரமா உறிஞ்சினா இழுக்கத்தான் செய்யும். நேரத்தைக் கூட்டிக் கேட்கணும். குறைச்சுக் கேக்குறீங்களே, அறிவிருக்கா?"

அவருடைய மெய்யான ஆத்திரம் நிர்வாகத்தின்மேல். அடுத்த ஷிப்டை ஏற்றுவதற்காக நான்கு மணி நேரத்தை மூன்றரையிலேயே முடித்து ஆளைக் கிளப்பிவிடுகிறார்கள். "அரைமணியில என்னம்மா குறைஞ்சிடப் போகுது?" என்று மேனேஜர் சிரித்தாராம். ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டால் சொல்லும். அங்கே படுத்திருந்த கணக்கு வாத்தியார் மாதக்கணக்கில் அரைமணி முன்னதாகவே அனுப்பப்பட்டார். முகம் ஊதியது, படுத்தால் மூச்சு முட்டியது, போன மாதம் நுரையீரலில் நீர் கோத்துச் செத்தே போனார். அவர் மனைவி கையிலிருந்த டயாலிசிஸ் சீட்டுகளை அக்கா பார்த்தார். கடைசி நாள்வரை நான்கு மணி நேரம் என்றுதான் எழுதியிருந்தது. பாவிகள்!

இன்று எட்டு மணிக்கு ரத்த அழுத்தம் குறிக்க வந்த டெக்னீஷியன், வேறொரு கட்டிலில் அலாரம் அடிக்கவே, சீட்டை அக்காவின் மடியில் போட்டுவிட்டு ஓடினார். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முடித்த நேரம்: பதினொன்று பத்து. கீழே கையெழுத்தும் விழுந்திருந்தது.

திரும்பி வந்த டெக்னீஷியன் கை நீட்டினார். "குடுங்கக்கா. அது இல்லாம உங்களை முடிச்சு அனுப்ப முடியாது."

"மணி இப்பதான் எட்டு. பதினொண்ணு பத்தை எங்கப்பா பார்த்தே?"

"எல்லாருக்கும் காலையிலேயே எழுதிடறதுதானக்கா. மேலே இருந்து அப்படித்தான் சொல்றாங்க."

"வாத்தியாருக்கும் இப்படித்தானே எழுதினே?"

டெக்னீஷியன் தலை குனிந்துகொண்டார். நீட்டிய கை மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா இடுப்பைச் சற்றே தூக்கி, சீட்டைத் தனக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்திப் படுத்துக்கொண்டார்.