கொம்புக்குள் மீன் இல்லாத பார்

சங்கு குளித்துக் கரைக்கு வந்தால் அருளப்பன் மாமா முதலில் சங்கைப் பற்றிப் பேசமாட்டார். "இன்னைக்கு வெளியிலதான் நின்னுது" என்பார். புன்னைக்காயலில் எங்கள் பக்கத்து வீடு. சிறுவயதிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறேன்.

அவர் சொன்னது கட்டைவிரல் அளவுள்ள ஒரு மீனை. பச்சையும் நீலமுமாக மின்னும். கடலடிப் பாறைத்திட்டான பாரில், மான்கொம்புபோலக் கிளைத்த பவளத்தைச் சுற்றிக் கூட்டமாக மேயும். நீரோட்டம் வலுக்கத் தொடங்கினால் அத்தனையும் கொம்புகளுக்குள் புகுந்துகொள்ளும். கொம்புகளுக்குள் நீலம் தெரிந்தால் மாமா உடனே மேலே வந்துவிடுவார்.

சென்ற கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. மாமாவின் மைத்துனர் அலெக்ஸ் சித்தப்பா என் கல்லூரி ஆய்வுக்காக எடுத்துவந்த படத்தில், கொம்புகள்மேல் பாசி படர்ந்திருந்தது. ஒரு மீன்கூட இல்லை.

"பவளம் செத்துட்டு மாமா. மீனெல்லாம் போயிட்டு."

"ஏட்டி, கொம்புக்குள்ள ஒண்ணும் இல்லல்லா? அப்ப எல்லாம் மேயப் போயிருக்கு. நீ பொஸ்தகத்துல பாரு, நான் கடல்ல பாக்கேன்."

"படிச்ச புள்ள சொல்லுதா, கேளுங்களேன்" என்றார் அவர் மனைவி கிரேஸி அத்தை.

"படிச்சவளுக்கு நீந்தத் தெரியுமா?"

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பவளம் செத்து மீன் போனதை அறிக்கையில் தெளிவாக எழுதினேன். 'இனி உங்களுக்கு மீன் தரும் அந்த எச்சரிக்கை கிடைக்காது' என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை? பணிவா, அசட்டையா, இன்றும் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, மாமா காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கினார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை அலெக்ஸ் வள்ளத்தில் இருந்து பிடித்தார். கொம்புகள் வெறுமையாக இருந்தன. ஓட்டம் வராது என்று மாமா நம்பி அடியிலேயே நின்றுவிட்டார். ஓட்டம் அடித்தது. குழாய் பாறையில் சிக்கியது. அசைவில்லாத கயிற்றைப் பார்த்து அலெக்ஸ் மூச்சடக்கிக் குதித்தார். குழாயை விடுவித்து, மாமாவை இழுத்துக்கொண்டு ஒரே வேகத்தில் மேலே வந்தார். அலெக்ஸுக்குக் காதில் ரத்தம். ஆழத்திலிருந்து நிற்காமல் ஏறியதில் மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அவர்கள் வள்ளத்தில் ஒரு முறை உண்டு. காப்பாற்றியவர் மறுபடி இறங்கும்போது, பிழைத்தவர்தான் கயிறு பிடிக்க வேண்டும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மாமா, "லே அலெக்ஸ், நான் வாரவரைக்கும் எறங்காத. உன் கயிறு எனக்குள்ளது" என்றார்.

"பைய வாங்க அத்தான். கடல் எங்கயும் போயிராது."

பதினோராம் நாள் மாமா இறந்துபோனார்.

அலெக்ஸின் காது ஆறிவிட்டது. அவருக்குக் கயிறு பிடிக்கிறோம் என்று ஆட்கள் வருகிறார்கள். "அது அத்தான் மொறை" என்று அனுப்பிவிடுகிறார். இன்னும் இறங்கவில்லை.